பாட்டி வீட்டுப் பேரப்பிள்ளைகள் (குடும்பக் குழு)

கவிதா: எல்லாருக்கும் வணக்கம். 28ஆம் தேதி நியூசிலாந்து கிளம்புறோம். 6 மாசம் வேன்லதான் குடித்தனம். ஃபிளாட்டை வாடகைக்கு விடுறோம், சாமானைக் காலி பண்ணணும். ஞாயித்துக்கிழமை வந்து வேணுங்கறத எடுத்துக்குங்க.

மாலா சித்தி: ஃபிரிட்ஜ் எத்தனை லிட்டர்?

விக்கி: சோபா எனக்கு

சரோஜா அத்தை: கிரைண்டரக் குடுத்துடாதே. கூடவே எடுத்துட்டுப் போ.

சுந்தர் மாமா: கிரைண்டர் வேண்டாம்மா, மிக்சியும் வேண்டாம். 750 வாட் மிக்சியை 12 வோல்ட் பேட்டரியில இன்வெர்டர் போட்டு ஓட்டினா 70 ஆம்பியர் கிட்ட இழுக்கும். ஸ்டார்ட் ஆகறப்ப இன்னும் ஜாஸ்தி, சின்ன இன்வெர்டர்னா உடனே கட் ஆயிடும். 3 லிட்டர் குக்கர் ஒண்ணு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கற பாத்திரம் மூணு, போதும். நடுவுல துணி வை. இல்லேன்னா ரோட்டுல ஓடும்போது சில்வர் தட்டு எல்லாம் கடகடன்னு அடிக்கும்.

கவிதா: சரி மாமா. துணிக்கு வேக்கம் பை வாங்கிட்டேன், 12.

சுந்தர் மாமா: வேக்கம் பை இடத்தைத்தான் குறைக்கும், எடையைக் குறைக்காது. வேனோட மொத்த எடை வரம்புல காலி வேன் எடையைக் கழிச்சா வர்றதுதான் உங்களுக்கு. அதுக்குள்ளதான் ஆள், கேஸ், தண்ணி எல்லாம். 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ. கனமான சாமான் கீழே, ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல. மேல் அலமாரியில துணி, போர்வை மட்டும். பின்பக்கம் கனம் ஏறினா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விட்டுப் போகும்.

விக்கி: மாமா வாய்ஸ் நோட் போடுங்க

சுந்தர் மாமா: இன்னொண்ணு, கேம்ப் கிரவுண்டுக்கு வெளியே, அனுமதி உள்ள பொது இடத்துல ராத்திரி தங்கணும்னா செல்ஃப் கன்டெயின்ட் சர்டிபிகேட் (டாய்லெட், தண்ணி, கழிவுத் தொட்டி எல்லாம் வேனுக்குள்ளேயே இருக்குங்கற சான்று) உள்ள வேன் எடு. நியூசிலாந்தோட 2023 சட்டப்படி டாய்லெட் வேனுக்குள்ளேயே பொருத்தி இருக்கணும், கட்டிலை விரிச்சாலும் உபயோகிக்க முடியணும். தண்ணி 3 நாளுக்குச் சேர்த்து ஆளுக்கு 12 லிட்டர்.

மாலா சித்தி: எலுமிச்சை ஊறுகாய் போட்டு வச்சிருக்கேன். கருவேப்பிலையும் தரேன்

குமார் அண்ணன்: நியூசிலாந்து ஏர்போர்ட்ல பச்சைக் கருவேப்பிலை விடமாட்டான் சித்தி. தேனும் கூடாது. சாப்பாட்டுச் சாமான் எதுவா இருந்தாலும் அந்த ஊருக்குள்ள போறதுக்குக் குடுக்கற பயணி அறிவிப்புல (ஆன்லைன்லயோ தாள்லயோ) எழுதணும். எழுதாம மாட்டினா 400 நியூசிலாந்து டாலர் அபராதம். எழுதிக் காட்டினா, ஆகாதத மட்டும் எடுத்துக்குவான்.

கவிதா: பட்டுப்புடவை 9 இருக்கு. அதையும் வேக்கம் பையில போடலாமா?

சரோஜா அத்தை: ஐயோ வேண்டாம்! மடிப்புல ஜரிகை ஒடிஞ்சு போகும். பழைய வேட்டித் துணியில சுத்தி எங்கிட்ட குடு. 3 மாசத்துக்கு ஒருதடவை பிரிச்சு மடிப்பு மாத்தி வைக்கிறேன். நாப்தலின் உருண்டை ஜரிகைல படக்கூடாது.

கவிதா: சரி அத்தை ❤️

குமார் அண்ணன்: கட்டிலை யாரும் கேக்கலேன்னா கழட்டி வை. நம்ம பிளாக்கைப் பராமரிக்கிற டவுன் கவுன்சிலுக்குப் போன் பண்ணா, எடுத்துட்டுப் போக ஆள் வருவாங்க. முதல்நாளே வெளியே வச்சுடாதே, காரிடார்ல 1.2 மீட்டர் வழி விட்டே ஆகணும்.

மாலா சித்தி: அம்மாவோட குத்துவிளக்கு?

சரோஜா அத்தை: அது எங்கிட்ட இருக்கட்டும்

மாலா சித்தி: நம்ம வீட்டு சாமான் எல்லாம் ஏற்கனவே அங்கதானே இருக்கு

கவிதா: சித்தி ப்ளீஸ்

சுந்தர் மாமா: 4 கிலோ பித்தளை, வேன்ல ஏத்தாதே. அது மட்டும் தெளிவு.

விக்கி: லாரி யார் சொல்றது? சோபா லிஃப்டுல போகுமா?

குமார் அண்ணன்: அளந்து சொல்லு கவி. காலைக் கழட்டிட்டு, குறுக்காவும் அள.

சரோஜா அத்தை: ஞாயிறு 4 மணிக்கு வரேன். விளக்கப் பத்தி பெரியண்ணன் வந்ததும் பேசிக்கலாம்.

மாலா சித்தி: நான் 3 மணிக்கே வரேன்