புதுப்பிப்பு: பிக்கப் வண்டியின் கிளட்ச் பெடல் மாற்றியாகிவிட்டது

பெடல் பக்கவாட்டில் ஆடுகிறது, முதல் கியர் முரண்டு பிடிக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றே பலரும் சொன்னீர்கள். இல்லை. பெடல் தொங்கும் அச்சின் புஷ் (அச்சைச் சுற்றியிருக்கும் சிறு உறை) தேய்ந்து, துளையே நீள்வட்டமாகியிருந்தது. மிதிக்கும் தூரத்தில் ஒரு பங்கு அந்த ஆட்டத்திலேயே வீணாகி, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. புஷ் மட்டும் போட்டால் நிற்காது என்பதால் பெடலைத் தாங்கியோடு மாற்றினேன். நட்டுகள் எளிதில் கழன்றன. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்சுக்கு அனுப்பும் பகுதி) தண்டின் பின்னை உருவத்தான் ஒன்றரை மணி நேரம். கழுத்து இன்னும் வலிக்கிறது. ஆயில் குழாயைத் தொடாததால் அதற்குள் புகும் காற்றை வெளியேற்றும் வேலை மிச்சம். முடித்துச் சாவியைத் திருப்பினால், வண்டி மூச்சுவிடவில்லை! பெடலை மிதித்தால்தான் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடும் கிளட்ச் சுவிட்சின் ஒயரை மாட்ட மறந்திருந்தேன். இப்போது கியர் சத்தமில்லாமல் விழுகிறது.