ஏர்லைன்ஸ்காரன் மரம் நட நாம ஏன் துட்டு குடுக்கணும்?

அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். வாகைக்குளத்துல (தூத்துக்குடி ஏர்போர்ட்) இருந்து மெட்ராஸுக்கு விமான டிக்கெட் போட்டுக்கிட்டு இருக்கேன், கடைசியில ஒரு கட்டம் வந்து நிக்கி, நீங்க பறக்குததால வாற கார்பனுக்கு ஈடா மரம் நட காசு சேத்துக்கவான்னு. கம்பெனிக்காரங்க லாபத்துல ஒரு பங்க ஊருக்கு நல்லது செய்ய செலவழிக்கணும்னு, சிஎஸ்ஆர்னு அவங்களுக்கே சட்டம் இருக்குல்லா, அதுல நட வேண்டியதுதான, என் பைக்குள்ள ஏன் கைய விடுதாங்க?

பாளை ஆடிட்டர்: ரெண்டும் வேற வேற தம்பி. சிஎஸ்ஆர் 2013 கம்பெனி சட்டம் 135-ம் பிரிவு, முந்தின மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதம். சராசரியே நஷ்டத்துல கெடந்தா 2 சதவீதம் எங்க இருந்து வரும்? நம்ம நாட்டு ஏர்லைன்ஸ் பாதி நஷ்டத்துல ஓடி மூடுனதுதான். இன்னொண்ணு, எண்ணெய் கம்மியா குடிக்குத புது விமானம் வாங்குனா அது தொழில் செலவு, சிஎஸ்ஆர்ல காட்ட முடியாது, மரம் நட்டா காட்டலாம். அதான் எல்லாவனும் மரம் நடுதான்.

குளத்துக்கரை: நடுதான் நடுதான். எங்கூர் குளத்துக்கரையில ஒரு கம்பெனி (ஏர்லைன்ஸ் இல்ல, பேரு வேண்டாம்) பந்தல் போட்டு கன்னு நட்டுச்சு, போட்டோ எடுத்துட்டு போயிட்டாங்க, பொறவு நான் போயி பாக்கேன், பாதி கன்னு கருப்பு கவரைக்கூட கிழிக்காம அப்படியே குழிக்குள்ள இருக்கு, வேரு எங்கடே போகும்? மிச்சத்த வெள்ளாடு மேஞ்சிட்டு. போர்டு மட்டும் நல்லா நிக்கி, அதுல ஒருத்தரு மாடு கட்டுதாரு. நாலு பனங்கொட்டைய ஊனியிருந்தா தண்ணி ஊத்தாமலே வந்திருக்கும்.

ஏர்போர்ட் மச்சான்: மரத்த விடுங்க, விஷயம் எண்ணெயிலதான் இருக்கு. ஒரு கிலோ விமான எண்ணெய் எரிஞ்சா 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருது, காத்துல உள்ள ஆக்சிஜனும் சேர்றதால எடை கூடுது. இறங்குனதும் ஒரு இன்ஜின அணைச்சிட்டு உருட்டிட்டு வாறது, வெயிட்ட கொறைக்கது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மிச்சம். கொச்சி ஏர்போர்ட் 2015-லயே முழுசா சோலார்ல ஓட ஆரம்பிச்சிட்டு, ஆனா அது கட்டடத்துக்கு, விமானத்துக்கு இல்ல. 2018-ல டேராடூன்ல இருந்து டெல்லிக்கு காட்டாமணக்குல செஞ்ச எண்ணெய கலந்து ஒரு விமானத்த ஓட்டிப் பாத்தாங்க. வடை சுட்ட பழைய எண்ணெயிலயும் செய்யலாம். 2027-ல விமான எண்ணெயில இந்த மாதிரி எண்ணெய 1 சதவீதம் கலக்கணும்னு இலக்கு வச்சிருக்காங்க, அதுவும் வெளிநாட்டு ஓட்டத்துக்குத்தான்.

கேள்வி கேட்டவன்: அப்ப மெட்ராஸ் போற எனக்கு ஒண்ணுமில்ல. சரி, கட்டத்துல டிக் அடிக்கல. நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் தாண்டலன்னுதான் இங்கன வந்தேன்.

குளத்துக்கரை: நாளைக்கு காலையில தட்கல் பாருடே.