கிம்பாப் அறுக்கும்போது பிரிஞ்சு போகுது, எங்கே தப்பு?

கேள்வி:
கொரியச் சமையலுக்குப் புதுசு. கிம்பாப்புக்கு (கடற்பாசித் தாள்ல சோறும் காயும் வச்சுச் சுருட்டி, துண்டா அறுக்கிற பண்டம்) ஜப்பான் சுஷி மாதிரி சோத்துல வினிகர் சேர்க்கணுமா? பாஸ்மதியில செஞ்சேன். கடற்பாசித் தாள் நமத்துக் கிழியுது, கத்தி வச்சா எல்லாம் பிரிஞ்சுடுது.

பதில் 1:
முதல்ல அரிசியை மாத்துங்க. பாஸ்மதி, பொன்னி ரெண்டும் உதிரியா நிக்கும். சுஷி அரிசின்னு விக்கிற குட்டை அரிசி வாங்குங்க. 2 கப் அரிசியை அரை மணி நேரம் ஊறவச்சு வடிச்சு, 2 கப் தண்ணியில வேகவைங்க. நாலு சுருள் வரும். வினிகர் வேண்டாம். சூட்டோட 1 மேசைக்கரண்டி எள்ளெண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு போட்டுக் கிளறுங்க. நம்ம நல்லெண்ணெய் வறுக்காத எள்ளுல ஆட்டுறது, அதுல அந்த மணம் வராது. வறுத்த எள்ளுல எடுத்த பழுப்பு எண்ணெய்தான் கிம்பாப்புக்கு உயிர். சோறு வெதுவெதுன்னு ஆறின பிறகே பரப்பணும். ஆவி பட்டாலே தாள் நமத்துடும்.

பதில் 2:
ஈரம் காய்லேருந்தும் வரும். பாலக்கீரையை 30 விநாடி கொதிநீர்ல போட்டெடுத்து ஒட்டப் பிழியுங்க. தன்முஜியை (மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்) துணியில ஒத்தி எடுங்க. கேரட்டை வதக்கி, முட்டையைத் தடிமனா சுட்டு நீளமா நறுக்கி, எல்லாத்தையும் ஆறவிடுங்க.

சுருட்டுற மூங்கில் பாய் மேல தாளை விரிங்க, சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கணும். ஒரு தாளுக்கு 180 கிராம் சோறு, ஒரே சீரா, மெல்லிசா. தூரத்து ஓரத்துல 3 செ.மீ. வெறுமனே விடுங்க. சுருட்டுறதுல முதல் மடிப்புதான் எல்லாம்: கிட்ட இருக்கிற ஓரம் காய்களைத் தாண்டிப் போய்ச் சோத்து மேல விழணும், அங்கேயே பாயோட சேர்த்து ஒரு இறுக்கு இறுக்கிட்டு மேல உருட்டுங்க. காய்க்கு மேலேயே விழுந்தா நடு தளர்ந்து, அறுக்கிறப்ப காய் உருவிக்கிட்டு வரும். வெறும் ஓரத்துல நாலு பருக்கையை நசுக்கி ஒட்டி, ஒட்டின பக்கம் கீழே இருக்க 5 நிமிஷம் வைங்க. கத்தியில எண்ணெய் தடவி, அழுத்தாம ரம்பம் மாதிரி இழுத்து 1.5 செ.மீ. துண்டா அறுங்க. ரெண்டு துண்டுக்கு ஒருதரம் கத்தியைத் துடைக்கணும்.

பதில் 3:
மிஞ்சினதை ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துவிடும். அன்றே தின்பது நல்லது. விறைத்துப்போன துண்டை அடித்த முட்டையில் தோய்த்துத் தோசைக்கல்லில் சுட்டால் சோறு மறுபடி இளகும்.

பழகுவதற்குச் சுங்மு கிம்பாப் செய்து பாருங்கள். தென்கொரியாவின் தோங்யோங் துறைமுக ஊரின் பழைய பெயர்தான் சுங்மு. கடலுக்குக் கொண்டுபோனால் உள்ளே வைத்த காய் சீக்கிரம் கெடும் என்பதால் வெறும் சோற்றை மட்டும் விரல் நீளத்துக்குச் சுருட்டி, காரமான கணவாய் மீனையும் முள்ளங்கிக் கிம்ச்சியையும் (காரமான கொரிய ஊறுகாய்) தனியே வைப்பார்கள். இதில் சோற்றுக்கு எண்ணெயும் உப்பும் கிடையாது, அறுக்கும் வேலையும் இல்லை.