பட்டாலை ஊஞ்சலை வைத்து ஜி கண்டால் 10.4 வருகிறது, தப்பு எங்கே?

பிளஸ்ஒன்_காரைக்குடி:

பிளஸ் ஒன் இயற்பியல் புராஜெக்டுக்காக, வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) தொங்கும் ஊஞ்சலைத் தனி ஊசல் மாதிரி எடுத்துக்கிட்டு புவியீர்ப்பு முடுக்கம் (ஜி) கணக்குப் போடுறேன். விவரம் இது:

கொக்கியிலிருந்து பலகை மேல்பக்கம் வரை 3.10 மீட்டர். பலகை தேக்கு, ஐந்தடிக்கு இரண்டடி, கனம் இரண்டு அங்குலம். இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி. ஆட்டின அளவு சின்னதுதான், பத்து டிகிரிக்குள்.

வெறும் ஊஞ்சல், 10 அலைவுக்கு 34.4 வினாடி.
55 கிலோ ஆள் உட்கார்ந்தால் 34.3.
அதே ஆள் நின்றால் 32.4.

வாய்பாட்டில் போட்டால் (39.48 × நீளம் ÷ அலைவு நேரத்தின் வர்க்கம்) வரிசையா 10.34, 10.40, 11.66 வருது. எடை கூடினால் அலைவு நேரம் மாறாதுன்னு பாடத்தில் இருக்கு. உட்கார்ந்தப்போ அது சரியாத்தான் இருக்கு. நின்றால் மட்டும் ஏன் மாறுது? மூன்றிலுமே 9.8 வராதது ஏன்?

இன்னொன்று: வேகமா ஆடும்போது கீழே வர்ற இடத்தில் உடம்பு கனக்குதே, அது மையவிலக்கு விசையா? மூன்று பேர் ஏறி ஆடினால் கொக்கி தாங்குமா?

---

நியூட்டன்தாசன்:

அளந்ததில் தப்பு இல்லை தம்பி. பொருந்தாத வாய்பாட்டில் போட்டதுதான் தப்பு.

தனி ஊசல் வாய்பாட்டுக்கு நிறை முழுவதும் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும், நூலுக்கு எடையே இருக்கக் கூடாது. ஊஞ்சலில் இரண்டும் கிடையாது. இது கூட்டு ஊசல், அதாவது நிறை பல இடங்களில் பரவியிருக்கும் ஊசல். வாய்பாட்டில் போட வேண்டியது பயனுறு நீளம், அதாவது இதே நேரத்தில் ஆடக்கூடிய தனி ஊசலின் நீளம். நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவை), நிறையையும் நிறை மையத்தின் தூரத்தையும் பெருக்கி வருவதால் வகுத்தால் அது கிடைக்கும்.

முதலில் வெறும் ஊஞ்சல். தேக்கு கனமீட்டருக்கு 650 கிலோ என்று வைத்தால் உங்கள் பலகை சுமார் 30 கிலோ. சங்கிலி இரண்டு பக்கமும் சேர்த்து 12 கிலோ என்று எடுத்துக்கொள்கிறேன், கழற்ற முடிந்தால் தராசில் போட்டுப் பாருங்கள். சங்கிலியின் மேல் பாதி கொக்கிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நிலைமத் திருப்புத்திறனில் அதன் பங்கு மூன்றில் ஒன்று, மீட்கும் திருப்புவிசையில் பாதி. ஆகவே 3.10ஐ (30 + 4) ÷ (30 + 6) ஆல் பெருக்க வேண்டும். 2.93 மீட்டர் வரும். அதைப் போட்டால் ஜி 9.8ஐ ஒட்டி வந்துவிடுகிறது.

உட்கார்ந்த ஆளுக்கு நிறை மையம் பலகைக்கு மேலே ஏறக்குறைய 20 சென்டிமீட்டரில், அடிவயிற்று மட்டத்தில் இருக்கும். கொக்கியிலிருந்து 2.90 மீட்டர். உடம்பு தானும் சுழல்வதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடும். ஆக ஆளுக்கும் 2.92, ஊஞ்சலுக்கும் 2.93. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்தது முழுக்கத் தற்செயல். எடை மாறினால் நேரம் மாறாது என்ற விதியை உங்கள் ஊஞ்சல் நிரூபித்துவிட்டது என்று புராஜெக்டில் எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

நின்றால் நிறை மையம் பலகைக்கு மேலே 90 சென்டிமீட்டர் போய்விடும், கொக்கியிலிருந்து 2.20தான். பலகை, சங்கிலி, ஆள் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் பயனுறு நீளம் 2.60 மீட்டருக்கு இறங்குகிறது. அதற்கு 10 அலைவு 32.4 வினாடி. நீங்கள் அளந்ததும் அதுவே. ஆக நேரத்தை மாற்றியது எடை இல்லை, எடை இருக்கும் இடம்.

---

கானாடுகாத்தான்:

மேலே சொன்ன கணக்கு, சங்கிலி எப்படிக் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை யாரும் கேட்கவில்லையே.

நம்ம பக்க வீடுகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, பக்கத்துக்கு ஒரு கொக்கி. ஒற்றைச் சங்கிலி இறங்கி, பலகைக்கு மேலே ஒரு வளையத்தில் இரண்டாகப் பிரிந்து முன்மூலை பின்மூலைக்குப் போகும். இதில் பலகை சங்கிலியோடு சேர்ந்து சாயும். நியூட்டன்தாசன் கணக்கு இதற்குத்தான்.

மற்றது, நாலு கொக்கி, நாலு சங்கிலி, நாலும் செங்குத்தாக இறங்குவது. இதில் ஊஞ்சல் எவ்வளவு தூரம் போனாலும் பலகை சாயாது, தரைக்கு இணையாகவே நகரும். பலகை மேல் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும், உங்கள் தலை உச்சி உட்பட, சங்கிலி நீளத்தையே ஆரமாகக் கொண்ட வில்லில் போகும். அதனால் உட்கார்ந்தாலும் நின்றாலும் அலைவு நேரம் ஒன்றே. சங்கிலி எடைத் திருத்தம் மட்டும் போட வேண்டும். அதே அளவுகளுக்கு வெறும் ஊஞ்சல் 34.4, ஆள் ஏறினால் 35.0. ஆள் ஏறியதும் நேரம் கூடும், ஆனால் நிற்பதால் குறையாது.

உங்களுக்கு நின்றபோது இரண்டு வினாடி குறைந்திருக்கிறது. அப்படியானால் முதல் வகைதான்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சொம்பில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றிப் பலகை நடுவில் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். முதல் வகையில் தண்ணீர் மட்டம் பலகைக்கு இணையாகவே நிற்கும், அலம்பாது. ஈர்ப்பும் முடுக்கமும் சேர்ந்து தண்ணீர் உணரும் கீழ்த்திசை எப்போதும் சங்கிலி வாக்கில் இருப்பதுதான் காரணம். இரண்டாம் வகையில் அந்தத் திசை சாயும், பலகை சாயாது. தண்ணீர் ஒரு பக்கமாக ஏறும், வீச்சு கூடினால் சிந்தும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும், துடைத்துவிட்டு இறங்குங்கள்.

நாலு கொக்கி ஊஞ்சலில் நின்று ஆடுவது ஆபத்து. சங்கிலிகளுக்கு நடுவே முன்பின் அகலம் அரை மீட்டர்தான். 20 டிகிரியைத் தாண்டும்போது, முன்னால் போகையில் பின்சங்கிலி தொய்ய ஆரம்பித்து பலகை தூக்கிவிடும்.

---

இழுவிசை:

கொக்கிக் கேள்விக்கு வருகிறேன்.

கீழ்ப்புள்ளியில் கனக்கக் காரணம் மையவிலக்கு விசை இல்லை. தரையில் நின்று பார்ப்பவருக்கு உடம்பின் மேல் இரண்டே விசைகள்தான்: கீழ்நோக்கி எடை, மேல்நோக்கிப் பலகையின் தாங்குவிசை. பாதை வளைந்திருப்பதால் கீழ்ப்புள்ளியில் முடுக்கம் மேல்நோக்கி. அதைத் தரும் அளவுக்குத் தாங்குவிசை எடையைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். உடம்பு உணர்வது அந்தத் தாங்குவிசையை மட்டும்தான். ஊஞ்சலோடு சேர்ந்து நகரும் சட்டகத்தில் நின்று கணக்குப் போட்டால்தான் மையவிலக்கு விசை என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். இரண்டு சட்டகத்தையும் ஒரே படத்தில் கலந்து அம்புக்குறி போடுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

அளவு எவ்வளவு? ஓய்விலிருந்து விட்ட கோணத்தின் கொசைன் மதிப்பை இரண்டால் பெருக்கி, மூன்றிலிருந்து கழியுங்கள். கீழ்ப்புள்ளியில் இழுவிசை எடையைப் போல அத்தனை மடங்கு. சங்கிலி நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 30 டிகிரிக்கு 1.27 மடங்கு, 45 டிகிரிக்கு 1.59 மடங்கு. 90 டிகிரி வரை தூக்கி விட்டால் 3 மடங்கு. 30 டிகிரியில் ஆடும்போது ஓரங்களில் 0.87 மடங்குதான், அதனால்தான் அங்கே வயிறு லேசாகிறது. உங்கள் ஊஞ்சலில் 30 டிகிரிக்குக் கீழ்ப்புள்ளி வேகம் வினாடிக்கு 2.8 மீட்டர், அதாவது மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்.

மூன்று பேர் 165 கிலோ, ஊஞ்சல் 42, மொத்தம் 207 கிலோ. 45 டிகிரியில் ஆடினால் கீழ்ப்புள்ளியில் 328 கிலோ எடைக்குச் சமம், ஒரு கொக்கிக்கு 164. மூன்று பேரும் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தால் அந்தக் கொக்கிக்கு இன்னும் கூடும். கொக்கி, வளையம், சங்கிலி எல்லாமே கணக்கில் வரும் சுமையைப் போல ஐந்து மடங்கு தாங்குவதாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு, அதாவது கொக்கிக்கு 820 கிலோ. வளையத்துக்கு ஒட்டு சரியாக இருந்தால் அது பெரிய விஷயமில்லை.

ஆனால் பலர் கவனிக்காதது பக்கவாட்டு இழுப்பு. 45 டிகிரி ஆட்டத்தில் அது எடையில் 0.6 மடங்கு வரை போகும். இங்கே 120 கிலோவுக்கு மேல், ஒவ்வோர் அலைவிலும் முன்னும் பின்னும். உத்திரத்தில் கொக்கி மரை போட்டுத் திருகி மட்டும் நின்றால், துளையை இதுதான் முட்டை வடிவமாக்கும். கொக்கித் தண்டு உத்திரத்தை முழுக்க ஊடுருவி, மேலே இரும்புத் தகடும் இரட்டை நட்டும் போட்டிருக்க வேண்டும். தேய்மானம் முதலில் தெரிவது கொக்கியின் உள்வளைவில், வளையம் உரசும் இடத்தில். அங்கே தண்டின் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலே மாற்றிவிடுவது நல்லது. கிறீச் சத்தம் வந்தால் கிரீஸ் போடுங்கள். சத்தம் நின்றுவிட்டது என்பதால் தேய்மானம் சரியாகிவிடாது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

---

பிளஸ்ஒன்_காரைக்குடி:

பக்கத்துக்கு ஒரு கொக்கிதான் சார். சொம்புத் தண்ணீர் அலம்பவே இல்லை. அப்போ ஜி கண்டுபிடிக்க ஊஞ்சலை விட்டுட்டு வேற எதைப் பயன்படுத்தலாம்? வீச்சு பெரிசானால் எவ்வளவு பிழை வரும்?

---

நியூட்டன்தாசன்:

ஊஞ்சலை விட வேண்டாம், கூட்டு ஊசலுக்கு உதாரணமாக அதை வைத்துக்கொள்ளுங்கள். ஜி மதிப்புக்குக் கொத்தனார் தூக்குக்குண்டு போதும். அரைக் கிலோ குண்டு, முறுக்கு நூல். நைலான் வேண்டாம், நீளும். நூலைக் கொக்கியில் சும்மா மாட்டினால் ஆடும்போது வளையம் உருண்டு தொங்குபுள்ளி நகரும். இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் சட்டத்தின் அடிவிளிம்புதான் தொங்குபுள்ளி. நீளத்தைக் குண்டு தொங்கும் நிலையிலேயே அளக்க வேண்டும்.

தூக்குக்குண்டு கூம்பாக இருப்பதால் நிறை மையம் எங்கே என்று சரியாகத் தெரியாது. அதற்கு வழி இருக்கிறது. குண்டின் மேல் கொண்டி வரை மட்டும் அளந்து, 3 மீட்டர், 1 மீட்டர் என இரண்டு நீளத்தில் செய்யுங்கள். நீளங்களின் வித்தியாசத்தை, அலைவு நேர வர்க்கங்களின் வித்தியாசத்தால் வகுத்து 39.48ஆல் பெருக்குங்கள். தெரியாத அந்தச் சில சென்டிமீட்டர் இரண்டிலும் இருப்பதால் கழிந்துவிடும்.

வீச்சுக்கு வருகிறேன். 10 டிகிரியில் அலைவு நேரம் 0.2 சதவீதம் கூடும், 20இல் 0.8, 30இல் 1.7. ஜி மதிப்பில் பிழை அதைப் போல இரு மடங்கு, குறைவாகக் காட்டும். 3 மீட்டர் நூலுக்கு 25 சென்டிமீட்டர் இழுத்து விட்டால் 5 டிகிரிக்குள் நிற்கும். தள்ளக் கூடாது, விட வேண்டும். தள்ளினால் குண்டு நீள்வட்டம் போடும். மின்விசிறியை நிறுத்துங்கள், வளவு (உள்முற்றம்) பக்கத்துக் கதவையும் சாத்திவிடுங்கள்.

கடிகாரத்தைக் குண்டு நடுவைக் கடக்கும்போது அழுத்துங்கள், ஓரத்தில் அல்ல. ஓரத்தில் குண்டு நின்று திரும்புவதால் எந்தக் கணம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டால் போதும். 50 அலைவு எண்ணுங்கள். 10 அலைவுக்கு 0.2 வினாடி கைப்பிழை ஜியில் 1.2 சதவீதம், 50க்கு 0.24தான்.

---

கானாடுகாத்தான்:

ஒன்று சேர்க்கிறேன். விடை 9.8 வர வேண்டும் என்று இழுத்துப் பிடிக்காதீர்கள். காரைக்குடி இருப்பது வடக்கே பத்து டிகிரி அட்சரேகையில், இங்கே சரியான மதிப்பு 9.78. பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. பள்ளியில் சொல்லும் 9.8, 1901இல் சர்வதேச மாநாடு வைத்த 9.80665 என்ற நிலையான மதிப்பைச் சுருக்கியது. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷேர் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் பாரிஸில் இருந்ததைவிட நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியதும் இதனால்தான்.

---

நியூட்டன்தாசன்:

சரிபார்க்க எண்கள் தருகிறேன். தொங்குபுள்ளியிலிருந்து நிறை மையம் வரை சரியாக 3.000 மீட்டர் என்றால் 50 அலைவுக்கு 174.0 வினாடி, 1.000 மீட்டர் என்றால் 100.5. கொண்டி வரை அளந்தால் உங்கள் நேரம் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், இரண்டு நீள முறையில் அது கழிந்துவிடும்.

முதல் தடவை நடுவைக் கடக்கும்போது "பூஜ்யம்" என்று தொடங்குங்கள், அதே திசையில் அடுத்த முறை கடக்கும்போதுதான் "ஒன்று". 3 மீட்டரில் 170.5 கிட்ட வந்தால் "ஒன்று" என்று தொடங்கி 49 அலைவையே எண்ணியிருக்கிறீர்கள், 177.5 கிட்ட வந்தால் இடையில் ஒன்றை எண்ண விட்டிருக்கிறீர்கள்.