பொருள்: ஆக்சசிபிலிட்டி: அணுகல்தன்மையா, அணுகுதிறனா, வேறு சொல் உண்டா?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பல்கலைக்கழக இணையதளத்தில் தேர்வு அட்டவணை, பாடத்திட்டம், சுற்றறிக்கை முதலியவற்றை ஏற்றும் அலுவலர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்வையற்றவர், காது கேளாதவர், சுட்டியைப் பிடிக்க முடியாதவர், நிறம் பிரித்தறிய முடியாதவர் என்று யார் வந்தாலும் பக்கத்தில் இருப்பது அவருக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கையேடு. உள்ளே எழுத வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. அட்டையில்தான் முட்டி நிற்கிறேன். 'ஆக்சசிபிலிட்டி' என்பதற்கு என்ன போடுவது?

இதுவரை புழங்குகிற சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். என் தயக்கங்களைச் சொல்லிவிடுகிறேன்.

'அணுகல்' என்று மட்டும் போட்டால் அது உள்ளே விடுவதைத்தான் குறிக்கிறது. கடவுச்சொல் கொடுப்பதும் அணுகல்தான். உள்ளே விடுவதும் உள்ளிருப்பது அவருக்குச் சென்று சேர்வதும் ஒன்றில்லை என்பதற்கு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது நல்ல சான்று. அவர்கள் தங்கள் வகுப்பறை விரிவுரைகளை 20,000க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப்பதிவுகளாக யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. ஆனால் பல பதிவுகளில் வசனவரி இல்லை. காது கேளாதோர் முறையிட்டார்கள். 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் நீதித்துறை, இது சட்டத்துக்கு மாறானது என்று கடிதம் எழுதியது. 2017 மார்ச்சில் பல்கலைக்கழகம் அந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்தே விட்டது. சரிசெய்யக் கேட்டவர்களுக்கு மிஞ்சியது மூடிய கதவு. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். அந்த விவகாரம் 2022இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. நம் சொல் அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்: திறந்திருப்பது வேறு, சென்று சேர்வது வேறு.

'அணுகுதிறன்' எனக்கு அறவே பிடிக்கவில்லை. திறன் யாருடையது? 'அணுகும் திறன்' என்று விரித்தால் அது வருகிறவரின் திறனாகிவிடுகிறது. மாற்றுத்திறனாளி என்ற சொல்லில் திறன் ஆளுக்கு உரியது. அதே திறனை இங்கேயும் வைத்தால், அட்டவணையைப் படிக்க முடியாமல் போனது மாணவியின் குறை என்று ஆகிவிடும். குறை, தாளைக் கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றிய எங்களுடையது.

'அணுகல் வசதி' என்பதில் வேறு சிக்கல். ஏ.சி. வசதி, லிஃப்ட் வசதி என்பது போல, இருந்தால் நல்லது என்ற இடத்துக்கு அது இறங்கிவிடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றியே தனியாகப் பேசுகிறது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின் கீழான 15(1)ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது, கட்டாயத் தரமாக இல்லை என்று சொல்லியே அதைச் செல்லாதது ஆக்கியது. அதற்குப் பிறகும் 'வசதி' என்று எழுத என் கை வரவில்லை.

'அணுகல்தன்மை' பரவலாக இருக்கிறது. பொருளிலும் பெரிய பிழை இல்லை. ஆனால் நகரமாட்டேன் என்கிறது. பிரிவுக் கண்காணிப்பாளர் ஒருவர் தட்டச்சரிடம், "இந்தப் பிடிஎஃப் அணுகல்தன்மையற்றதாக இருக்கிறது, அணுகல்தன்மை உடையதாக ஆக்குங்கள்" என்று சொல்வாரா? பெயர், அடை, வினை மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகிற சொல் வேண்டும்.

யோசனை சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து

*

அன்புத் தம்பிக்கு,

திறன் யாருடையது என்ற உங்கள் கேள்வியிலேயே விடைக்கு வழி இருக்கிறது. வருகிறவர் பக்கம் நில்லாமல் இருக்கிறவர் பக்கம் நிற்கும் சொல் நம்மிடம் பழையதாகவே உண்டு. குறளில் வரும் 'எண்பதம்'.

"எண்பதத்தான் ஓரா முறைசெய்யா மன்னவன்" என்று தொடங்குகிறது 548ஆம் குறள். முறையிட வருகிறவர்களுக்கு எளிதில் காணக் கிடைக்காத, ஆராய்ந்து முறை செய்யாத மன்னவன் தானே கெடுவான் என்கிறது. அதே சொல் 991இல் வருகிறது: "எண்பதத்தால் எய்தல் எளிதென்ப யார்மாட்டும் பண்புடைமை என்னும் வழக்கு." எண்பதம் என்பதற்கு எளிய செவ்வி, அதாவது எளிதில் காணக் கிடைக்கும் சமயம், என்று பொருள். எண்மை என்றால் எளிமை, பதம் என்றால் செவ்வி.

இரண்டு இடத்திலும் பாருங்கள். எண்பதம் நாடப்படுகிறவரிடம் இருக்க வேண்டிய குணம், நாடி வருகிறவர் தேடிக்கொள்ள வேண்டியது இல்லை. 'யார்மாட்டும்' என்பதையும் கவனியுங்கள். எல்லா வருகையாளரிடத்தும் என்று நீங்கள் கையேட்டில் எழுதப்போவது அதுவேதான். எண்பதப் பக்கம், எண்பத அறிக்கை, எண்பதமாக்கு. மூன்று வடிவமும் வருகின்றன.

நாற்பதாண்டு தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் கேட்கிறேன், இதை எளிதில் விட்டுவிடாதீர்கள்.

மதுரையிலிருந்து

*

ஐயாவுக்கு வணக்கம்.

சொல்லின் அழகில் எனக்கு ஐயமில்லை. பொருளும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இங்கே எங்கள் விரிவுரையாளர் அறையில் நான்கு பேரிடம் 'எண்பத அறிக்கை' என்று எழுதிக் காட்டினேன். இரண்டு பேர் எண் சம்பந்தப்பட்ட ஏதோ அறிக்கை என்றார்கள். ஒருவர் எண்பதாவது அறிக்கையா என்று கேட்டார். மற்றவர் தமிழ் படித்தவர், அவருக்கு மட்டும் விளங்கியது.

இலங்கையிலும் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்காக 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. சாய்தளம் என்றால் எல்லோருக்கும் விளங்குகிறது, ஏனென்றால் கண்ணால் பார்க்கலாம். இணையத்தளத்தின் சாய்தளத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. அதனால் சொல்லே அதைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

ஐயா தந்த குறளிலிருந்தே இன்னொன்று எடுக்கலாமா? எண்பதத்தின் உள்ளே இருப்பது எளிமை. அதை எல்லோருக்கும் தெரிந்த 'அணுகு' என்பதோடு சேர்த்தால் 'அணுகெளிய' என்று வரும். எதிர்ச்சொல் கையிலேயே இருக்கிறது: அணுகரிய. அணுகெளிய பக்கம், அணுகரிய பக்கம். பெயராக 'அணுகெளிமை'.

யாழ்ப்பாணத்திலிருந்து

*

எல்லோருக்கும் வணக்கம்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவள். சென்னையில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் மடல்களை என்விடிஏ திரைவாசிப்பான் எனக்குப் படித்துச் சொல்கிறது. அதனால் சொற்களை நான் காதால் எடை போடுகிறேன்.

'எண்பதம்' கேட்கும்போது நழுவுகிறது. வேகத்தைக் கூட்டி வைத்திருப்பேன், அந்த வேகத்தில் 'எண்பதாம்' என்றே விழுந்தது. நின்று, திரும்பிப் போய், எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டுத்தான் பிடித்தேன். 'அணுகெளிமை' முதல் தடவையிலேயே விழுந்தது.

ஆனால் 'எளிமை' மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சொல்லிவிடுகிறேன்.

முதுகலைக்கு நான் விண்ணப்பித்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்தின் தரவரிசைப் பட்டியல் பிடிஎஃப் ஆக வந்தது. அச்சிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றியது. திறந்தேன். திரைவாசிப்பான் ஒன்றும் பேசவில்லை. அதற்கு அது வெற்றுத் தாள். இரண்டாவது பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. அங்கே ஒலி வந்தது, ஆனால் 'தமிழ்' என்ற இடத்தில் 'ஜே, கே, பி, ஓ' என்று வந்தது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குள் ஆங்கில எழுத்துகள். கட்டணம் கட்டப் போனால் படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொன்னது, ஒலி வழி இல்லை. கடைசியில் நெட் சென்டரில் முன்பின் தெரியாத ஒருவரிடம் என் கடவுச்சொல்லையும் வங்கி அட்டை எண்ணையும் வாய்விட்டுச் சொன்னேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

எனக்கு அது கடினமாக இருந்தது என்று சொல்ல முடியாது. முடியவே இல்லை. அதனால் கேட்கிறேன்: 'எளிமை' என்றால் ஏற்கெனவே முடிவதைக் கொஞ்சம் சுலபமாக்கித் தருவது என்று அலுவலர் எடுத்துக்கொள்ள மாட்டாரா? எனக்கு எளிதாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இயல வேண்டும்.

இன்னொன்று. கைபேசியில் நாங்கள் 'அணுகல்தன்மை' என்றுதான் தேடிப் பழகியிருக்கிறோம். அதை ஒரே நாளில் பறித்துவிடாதீர்கள். புதிய சொல்லைப் போட்டுத் தேடினால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

சென்னையிலிருந்து

*

அம்மா,

உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். எண்பதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காதில் நழுவும் சொல் இந்த வேலைக்கு ஆகாது. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

எளிமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. "தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால் மனக்கவலை மாற்றல் அரிது" என்னும்போது, அந்த 'அரிது' கொஞ்சம் சிரமம் என்ற பொருளில் வரவில்லை. இயலாது என்பதே பொருள். பழந்தமிழில் அருமை, இன்மை வரை போகும். ஆகவே 'அணுகரிய பட்டியல்' என்றால் நீங்கள் பட்ட பாடு முழுவதும் அதற்குள் அடங்கும். ஆனால் இன்றைய பேச்சில் 'எளிமை' மெலிந்துவிட்டது என்பது உண்மை. 'அரிய' என்பதும் இன்று 'அரிய வாய்ப்பு' என்று பாராட்டாகிவிட்டது. கையேட்டில் வரையறை எழுதும்போது அந்த இடத்தைத் தம்பி காக்க வேண்டும்.

மதுரையிலிருந்து

*

ஐயாவுக்கும், அக்காவுக்கும், யாழ்ப்பாண நண்பருக்கும் நன்றி.

அக்காவின் மடலை எங்கள் பிரிவில் நான்கு பேரை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். நெட் சென்டர் வரிக்கு வந்தபோது தட்டச்சர் எழுந்து, போன வாரம் ஏற்றிய பட்டியலைக் கணினியில் திறந்தார். ஸ்கேன் படம். அதன் வேர்டு கோப்பு அவருடைய மேசைக் கணினியிலேயே இருந்தது. ஒருங்குறியில் (யூனிகோடில்), தலைப்புகளோடு. அதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி ஏற்றியிருந்தால் போதும். கையொப்பமும் முத்திரையும் தெரிய வேண்டும் என்பதற்காக அச்சிட்டு ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பல பக்கங்கள் இப்படித்தான் மூடிப் போகின்றன. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கையொப்பத்தைத் தனிப் படியாகக் கோப்பில் வைத்துக்கொண்டு, எழுத்துள்ள படியை ஏற்றலாம் என்று அன்றே முடிவானது.

சொல்லைப் பற்றி. 'அணுகெளிமை' என்றே எடுத்துக்கொள்கிறேன். காரணம், அக்கா சொன்ன தயக்கத்தை வரையறையில் நேராகச் சந்திக்க முடியும் என்று தோன்றுகிறது. முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"அணுகெளிமை என்பது பக்கத்தின் பண்பு, பார்ப்பவரின் திறன் அல்ல. ஒருவர் கண்ணால் படித்தாலும், காதால் கேட்டாலும், விரலால் தொட்டறிந்தாலும், விசைப்பலகையை மட்டும் பயன்படுத்தினாலும், பிறர் உதவியின்றிப் பக்கத்தின் பொருளைப் பெறவும் அதில் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கவும் இயல வேண்டும். இயலாவிட்டால் அந்தப் பக்கம் அணுகரியது. கைபேசி, கணினி அமைப்புகளில் அணுகல்தன்மை என்று காண்பதும் இதுவே."

கடைசி வாக்கியம் அக்காவுக்காக. பக்கத்தின் தேடுசொற்களிலும் அணுகல்தன்மை இருக்கும். கையேட்டின் இணையப் படியில் இரண்டு சொல்லில் எதைத் தேடினாலும் கிடைக்கும்படி வைக்கிறேன்.

'பிறர் உதவியின்றி' என்பதை மேலதிகாரி ஒருவர் எடுத்துவிடச் சொன்னார், கடுமையாக இருக்கிறதாம். கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொன்னதை அவரிடம் சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

உள்ளே, முடிந்த இடத்திலெல்லாம் பெயர்ச்சொல்லையே தவிர்த்திருக்கிறேன். 'படத்துக்கு மாற்று உரை எழுதுக.' 'தலைப்பைத் தடித்த எழுத்தால் காட்டாமல் தலைப்பு வடிவமாகவே இடுக.' 'தமிழ்ப் பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடுக' என்று சேர்த்திருக்கிறேன். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை எந்தக் குரலில் படிப்பது என்று தடுமாறக்கூடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிறமாறுபாட்டுக்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் நெறிமுறையில் இரண்டாம் நிலைக்குச் சொல்லியுள்ள 4.5க்கு 1 என்ற அளவையே போட்டிருக்கிறேன். எங்கள் முகப்பில் வெள்ளை மேல் வெளிர்மஞ்சளில் ஓடும் அறிவிப்பு அதில் தேறாது.

ஒரு வரி இன்னும் தீரவில்லை. 'இங்கே சொடுக்கவும்' என்ற இணைப்புகளைத் தடை செய்து எழுதியிருக்கிறேன். அக்கா, இணைப்புகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்கும்போது இருபது 'இங்கே சொடுக்கவும்' வரிசையாக வரும் அல்லவா? அதற்குப் பதிலாக 'தேர்வு அட்டவணை, இளங்கலை, மூன்றாம் பருவம், பிடிஎஃப்' என்று முழுதும் எழுதச் சொல்கிறேன். காதுக்கு இது நீளமா? 'பிடிஎஃப்' முன்னால் வர வேண்டுமா, பின்னால் வர வேண்டுமா?

வரைவைத் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். வேர்டு கோப்பு, தலைப்புகள் போட்டிருக்கிறேன். செவ்வாய்க்குள் ஒருமுறை கேட்டுச் சொன்னால், புதன்கிழமை ஏற்றிவிடுவேன்.

திருச்சியிலிருந்து