போதைப்பொருள் மிகையாகி மூச்சு அடங்கியவரை எழுப்பிய அனுபவங்கள்

இரவுப்பணியாளர், ரொறன்ரோ:

டவுன்ரவுன் கோப்பிக் கடை ஒன்றில் நான் இரவு வேலை செய்த காலம். கழிப்பறைக்குள் போன இளைஞன் வெகுநேரமாகியும் வராததால் கதவைத் திறந்தோம். சுவரோடு சாய்ந்து கிடந்தவனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. தொண்டையிலிருந்து வந்த கரகரப்பைக் குறட்டை என்றே உடன் நின்றவர் நினைத்தார். நான் 911 ஐ அழைத்துக்கொண்டிருக்கையில், வாசலோரம் வழக்கமாக அமர்ந்திருக்கும் வயதான பெண்மணி உள்ளே வந்து, தன் பையிலிருந்த நலொக்சோனை, அதாவது ஹெரோயின் போன்ற ஓபியாய்டு போதைப்பொருள் அடக்கிய மூச்சை மீட்கும் மருந்தை, அவனுடைய மூக்கில் அடித்து, தலையைப் பின்னே சாய்த்து மூச்சு ஊதத் தொடங்கினார். கண் விழித்தவன் உடம்பெல்லாம் நடுங்க அவரைக் கண்டபடி ஏசினான். "ஏசட்டும், ஏசுவதற்கும் மூச்சு வேண்டுமே" என்றார் அவர். ஆம்புலன்ஸ் வருமுன் அவன் போய்விட்டான். அந்த இரவு அவன் தப்பினானா என்பது தெரியாமல் இருப்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

மொஸ் பார்க் (ரொறன்ரோ நகர மையப் பகுதி) அயலவர்:

அவனைப் போகவிட்டிருக்கக் கூடாது. நலொக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்துவிடும். உடலில் எஞ்சிய ஃபென்டனில் போன்ற வீரியமான ஓபியாய்டு மறுபடியும் மூச்சை அமுக்கக்கூடும். பொலிஸ் பயம்தான் காரணம் என்றால், உதவிக்கு அழைப்பவர்மீதும் அவ்விடத்தில் இருப்பவர்மீதும் போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குத் தொடர முடியாது என்ற 2017ஆம் ஆண்டின் சட்டத்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் மொஸ் பார்க்கில், போதைப்பொருள் பாவிப்பவர்களை அருகிலிருந்து கவனித்துக் காப்பாற்றத் தொண்டர்கள் அனுமதியின்றியே கூடாரம் அடித்தபோது, மயங்கிய ஒருவருக்கு ஒக்சிசன் முகமூடியைப் பிடித்தபடி, ஒருவர் காதருகே குனிந்து "இழு, விடு, இன்னொரு தரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். நலொக்சோன் தேவைப்படவே இல்லை. ஆனால் அது ஒக்சிசனும் பழகிய கையும் இருந்த இடம்; கடையில் அந்தப் பெண்மணி செய்ததே சரி.

மருந்தக உதவியாளர், ஸ்காபரோ:

அரை மயக்கத்தில் எழுந்து ஓடுபவனிடம் சட்டம் பேச யாரால் முடியும்? பிடியாணை உள்ள ஒருவரை அந்தச் சட்டம் காப்பாற்றாது. இது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் மருந்தகத்துக்கு வந்த தமிழ் அம்மா ஒருவர், மற்றத் தமிழர்கள் போகும்வரை வைட்டமின் போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அந்த மூக்கு மருந்து இருக்கிறதா?" என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒன்ராறியோ மருந்தகங்களில் 2016 முதல் நலொக்சோன் இலவசமாகக் கிடைப்பதால், அவரைப் போன்றோர் தயங்க வேண்டியதில்லை. மூக்கில் அடிக்கும் ஒரு குழாயில் ஒரே தடவைக்கான மருந்துதான் உண்டு. சரிபார்ப்பதற்காக அமுக்கினால் வீணாகிவிடும். கொடும் வெயிலிலும் உறைகுளிரிலும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் அசைவில்லையென்றால் மற்றத் துவாரத்தில் இரண்டாவதை அடியுங்கள். இடையே ஐந்து விநாடிக்கு ஒரு தரம் மூச்சு ஊதுவதை நிறுத்தாதீர்கள். தூக்கமாத்திரை வகை கலந்திருந்தால், மூச்சு சீராகியும் ஆள் விழிக்காமல் கிடக்கலாம். பயந்து மேலும் மேலும் அடிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். மிகவும் ஆபத்தான காலம், சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ வீடு திரும்பிய முதல் வாரங்கள்தான். பழைய அளவை அப்போது உடம்பு தாங்காது. பிள்ளையைத் திட்டித் தீர்ப்பதைவிட, அறைக் கதவைப் பூட்டாதே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.