ஊர் வாரியாகக் குலுக்கிய கள ஆய்வு: திருத்திய கணக்கில் விளைவு மறைகிறது, எங்கே தவறினேன்?

கேள்வி

வணக்கம். சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சுய உதவிக் குழுப் பெண்களுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதப் பயிற்சி அளித்தால் மாதச் சேமிப்பு உயருமா என்று அறிய, 10 ஊர்களில் பயிற்சி நடத்தி, வேறு 10 ஊர்களைப் பயிற்சி தராமல் ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டு ஊர்களாக வைத்தேன். ஊருக்கு 25 பேர் வீதம் 500 பெண்களைப் பயிற்சிக்கு முன்னும், முடிந்து ஆறு மாதம் கழித்தும் நேர்காணல் செய்தேன். பயிற்சி ஊர்களில் சராசரிச் சேமிப்பு மாதம் 96 ரூபாய் கூடுதலாக உள்ளது. 500 பேரையும் தனித்தனி அலகாகக் கொண்டபோது பி மதிப்பு (பயிற்சிக்கு விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதற்கு மேல் வேறுபாடு வரும் வாய்ப்பு) 0.01-க்கும் கீழே வந்தது. பயிற்சிக்குக் குலுக்கித் தேர்ந்தெடுத்தது ஊரைத்தான், ஆகவே திட்டப் பிழையையும் (மதிப்பீடு எவ்வளவு தடுமாறக்கூடும் என்ற அளவு) ஊர் வாரியாகக் கணக்கிட வேண்டும் என்று நெறியாளர் சொன்னார். அவ்வாறு செய்ததும் பி மதிப்பு, வழக்கமான எல்லையான 0.05-ஐத் தாண்டிவிட்டது.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. அழைத்த 250 பேரில் 160 பேர்தான் வந்தார்கள். வராத 90 பேரை நீக்கினால் விளைவு பெரிதாகத் தெரிகிறது. இரண்டு கட்டுப்பாட்டு ஊர்ப் பெண்கள், பயிற்சி நடந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கைகளிடம் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்துத் தாங்களும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். வராதவர்களையும் இந்த இரண்டு ஊர்களையும் நீக்கிவிடலாமா?

மறுமொழி 1

உங்கள் நெறியாளர் சொன்னது சரி. ஒரே ஊர்ப் பெண்கள் ஒரே சந்தை, ஒரே மழை, ஒரே கூலி நிலவரத்தில் வாழ்கிறார்கள். ஆகவே 25 பேரைக் கேட்பது 25 தனித்தனிச் செய்திகளைப் பெறுவதாகாது. ஊருக்குள்ளான ஒட்டுறவு (ஒரே ஊர்ப் பெண்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.1 என்று வைத்துக்கொண்டால், அதை 24-ஆல் பெருக்கி 1 கூட்ட 3.4 வரும், 500-ஐ அதனால் வகுத்தால், உங்களிடம் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 147 பேருக்குச் சமமான தகவல்தான். ஊருக்கு 25 பேருக்குப் பதிலாக 50 பேரைக் கேட்டிருந்தாலும் இது அதிகம் மாறியிருக்காது. ஊர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டியிருக்க வேண்டும். மேலும், 20 கொத்துகள் (இங்கே ஊர்கள்) மட்டும் இருக்கும்போது வழக்கமான கொத்துத் திருத்தமே திட்டப் பிழையைக் குறைத்துக் காட்டக்கூடும்.

மறுமொழி 2

பி மதிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குலுக்கல் எப்படி நடந்தது? 20 சீட்டுகளையும் ஒரே பானையில் போட்டா, வேறு விதமாகவா?

கேள்வி கேட்டவர்

ஒரே அளவிலான, ஒரே ஒன்றியத்தைச் சேர்ந்த இரண்டிரண்டு ஊர்களாகச் சேர்த்து, ஒவ்வொரு இணைக்கும் நாணயம் சுண்டினோம் ஐயா. இது முக்கியமென்று நினைக்காததால் எழுதவில்லை.

மறுமொழி 2

முக்கியமே அதுதான். ஒரே பானையில் குலுக்கியிருந்தால் 20 ஊர்களிலிருந்து 10 ஊர்களைத் தேர்ந்தெடுக்க 1,84,756 வழிகள் இருந்திருக்கும். நீங்கள் இணைகளாகச் சுண்டியதால் நடந்திருக்கக்கூடிய குலுக்கல்கள் 1,024 மட்டுமே. பயிற்சியால் எந்தப் பெண்ணுக்கும் எந்த மாற்றமும் இல்லை என்று ஒரு கணம் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இணையிலும் வேறுபாட்டின் குறியை மாற்றி மாற்றி 1,024 சராசரிகளையும் கணக்கிடுங்கள். அவற்றில் எத்தனை, குறியைப் பொருட்படுத்தாமல், 96 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருகின்றனவோ அந்த விகிதமே உங்கள் பி மதிப்பு. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல், டார்வின் வளர்த்த 15 இணை மக்காச்சோளச் செடிகளின் அளவுகளை வைத்து இதைத்தான் செய்தார்: 32,768 குறி அமைப்புகளில் 1,726 அமைப்புகள், அதாவது 5.267 விழுக்காடு, உண்மையில் கிடைத்த அளவோ அதற்கு மேலோ வந்தன. ஸ்டேட்டா, ஆர் ஆகிய புள்ளியியல் மென்பொருள்களில் சில வரிகளில் முடியும். பயிற்சிக்கு முந்தைய சேமிப்பைக் கணக்கில் சேர்த்தால் துல்லியம் கூடும். அந்தத் தரவை நீங்கள் எடுத்து வைத்திருப்பது நல்ல காரியம்.

வராத 90 பேரை நீக்கக் கூடாது. வந்தவர்கள் தாமாக வந்தவர்கள். சேமிக்கும் பழக்கம் உள்ளவர்களே வந்திருக்கலாம், கட்டுப்பாட்டு ஊர்களில் அத்தகையவர்களை உங்களால் பிரித்தெடுக்க முடியாது. அழைத்த எல்லோரையும் ஒப்பிடுங்கள். 96-ஐ 0.64-ஆல் வகுத்து, வந்தவர்களுக்கான விளைவு 150 ரூபாய் என்று எழுதும் வழக்கமும் உண்டு. ஆனால் வராத பெண்ணுக்குப் பயிற்சியால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை என்ற எடுகோள் அதற்குத் தேவை. ஒரே குழுவில் உட்கார்ந்திருப்பவர்களிடையே அது நிற்குமா என்பது எனக்கு ஐயமே.

மறுமொழி 3

இணைகளாகச் சுண்டியிருப்பதால், நோட்டு பரவிய இரண்டு ஊர்களையும் அவற்றின் இணை ஊர்களோடு சேர்த்து நீக்கினால் சமநிலை கெடாது அல்லவா?

மறுமொழி 1

நண்பரே, பரவல் குலுக்கலுக்குப் பின்னால் நடந்தது. எங்கே பரவியது என்பதையே பயிற்சிதான் தீர்மானித்திருக்கிறது. பயிற்சி நன்றாக வேலை செய்த இடத்திலிருந்துதான் நோட்டு பக்கத்து ஊருக்குப் போயிருக்கும் என்றால், அந்த இணைகளை நீக்குவது சிறந்த ஊர்களையே தூக்கி எறிவதாகும். கென்யாவின் புசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளில் குடற்புழு மருந்து கொடுத்த ஆய்வை, 2004-இல் பொருளியலாளர்கள் எட்வர்ட் மிகேலும் மைக்கேல் கிரெமரும் வெளியிட்டார்கள். மருந்து உண்ணாத பிள்ளைகளுக்கும் தொற்று குறைந்ததால், ஒரே பள்ளிக்குள் பிள்ளைகளைப் பிரித்து ஒப்பிட்டால் மருந்தின் பயன் குறைத்தே மதிப்பிடப்படும் என்பது அவர்கள் வாதம். ஆகவே பள்ளியையே அலகாக்கி, பக்கத்துப் பள்ளிகளுக்குப் பரவியதையும் தூரத்தைக் கொண்டு அளந்தார்கள். 2015-இல் வெளிவந்த மறு ஆய்வில் கணக்குப் பிழைகள் தெரிந்து, தொலைவிலுள்ள பள்ளிகளுக்கான மதிப்பீடு வலுவிழந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தரவைத் திறந்து கொடுத்ததால்தான் அது தெரிந்தது. உங்கள் ஆய்வில் இரண்டே ஊர்களில் பரவியிருப்பதால் அளக்க முடியாது. 20 ஊர்களையும் வைத்து முதன்மை முடிவைக் கொடுத்து, பரவலைக் களக்குறிப்பாக எழுதி, பரவிய ஊர்களிலும் சேமிப்பு உயர்ந்திருந்தால் 96 ரூபாய் என்பது குறைமதிப்பீடாக இருக்கலாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

செய்து பார்த்தேன். 1,024-இல் 72 அமைப்புகளில் 96 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருகிறது. பி மதிப்பு 0.07. அப்படியே எழுதி நெறியாளருக்கு அனுப்பியிருக்கிறேன். 150 ரூபாயை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். நோட்டு கைமாறிய கதைக்குத் தனி இயல் ஒதுக்கச் சொல்கிறார். அந்த இரண்டு ஊர்களுக்கும் அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.